திரைக்குப் பின்னால் ஒரு குரல்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்ச் சிறுவர் பலர், மோட்டு, பட்லு, டோரேமான் முதலிய பாத்திரங்களை இந்தியிலும் தமிழிலும் கேட்டிருப்பர். படம் ஒன்றே, குரல் வேறு. வரையப்பட்ட உருவத்துக்குத் தானாகச் சிரிக்கவோ அழவோ இயலாது. அவற்றை அதற்கு அளிப்பவர் திரையில் தோன்றாத குரல் கலைஞர். ஒரு மொழியில் உருவான படத்துக்கு வேறு மொழியில் குரல் கொடுப்பதே 'டப்பிங்' எனப்படும் மொழிமாற்றக் குரல்பதிவு.

இத்தாலி நாட்டில் 1930களிலேயே இக்கலை வேரூன்றியது. அங்கே டோனினோ அக்கோல்லா என்பவர், 'சிம்ப்சன்ஸ்' என்னும் அமெரிக்க அசைபடத் தொடரின் ஹோமர் பாத்திரத்துக்கு 2012 வரை இத்தாலியக் குரல் அளித்தார். நம் நாட்டில், 1943இல் கன்னடத்தில் வெளிவந்த ஹரிச்சந்திரா படத்தை ஏ. வி. மெய்யப்பன் 1944இல் தமிழில் பேச வைத்தார். ஜப்பானில் உருவான 'ஜங்கிள் புக்' தொடர் 1993இல் தூர்தர்ஷனில் இந்தியில் ஒளிபரப்பானபோது, ஷேர்கான் என்னும் புலிக்கு நடிகர் நானா படேகர் குரல் கொடுத்தார்.

மும்பையின் காஸ்மாஸ் மாயா நிறுவனம் உருவாக்கிய 'மோட்டு பட்லு' தொடர் 2012இல் தொடங்கியது. அதன் இந்தி வடிவில் மோட்டுவுக்கும் பட்லுவுக்கும் குரல் கொடுத்தவர் சௌரவ் சக்ரவர்த்தி என்னும் ஒரே கலைஞர். இருவரும் சண்டையிடும் காட்சியில் கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது! இந்தி பேசும் டோரேமானுக்குப் பல்லாண்டுகள் குரலளித்தவர் சோனல் கௌஷல் என்னும் பெண்மணி. ஜப்பானிலும் 1979 முதல் 2005 வரை நொபுயோ ஓயாமா என்னும் பெண்மணியே டோரேமானாகப் பேசினார். சிறுவர் பாத்திரங்களுக்கும் பெண்கள் குரல் கொடுப்பது வழக்கம். சிறுவனின் குரல் வளரும் பருவத்தில் உடைந்துவிடும்; பெண்ணின் குரலோ பல ஆண்டுகள் பெரிதும் மாறாதிருக்கும்.

குரல்பதிவு அறையில் கலைஞர் காதொலிப்பான் அணிந்து ஒலிவாங்கியின் முன் நிற்பார். எதிரே உள்ள திரையில் காட்சி ஓடும். மூலக் குரலைக் கேட்டு, உருவத்தின் வாய் திறக்கும் நொடியில் பேசத் தொடங்கி, மூடும் நொடியில் முடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து பேசிச் செல்வர். பதில் கூற எதிரில் ஆள் இல்லாதபோதும் உரையாடுவதுபோல் நடிப்பதே இக்கலையின் அருமை.

இங்கே இலக்கணமும் துணைக்கு வருகிறது. இதழ்கள் இரண்டும் பொருந்துவதால் பகரமும் மகரமும் பிறக்கின்றன எனத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. எனவே, முகம் பெரிதாகத் தெரியும் காட்சியில் இதழ் மூடும் இடத்தில் ப், ம் போன்ற எழுத்துகள் அமைந்தால் பேச்சு இயல்பாகத் தோன்றும். இந்தியில் 'பஸ்' என்னுமிடத்தில் தமிழில் 'போதும்' என்பது பொருந்தும். இரண்டும் இதழ் மூடியே தொடங்குகின்றன. 'நஹீ' என்னும் சொல்லுக்கு இதழ் மூடுவதில்லை. ஆகவே அங்கே 'வேண்டாம்' என்பதைவிட 'இல்லை' என்பது எளிதில் இயையும். பொருளும் கெடாமல், வாயசைவும் பிறழாமல் சொல்லைத் தேர்வதற்குத் தாய்மொழியில் சொல்வளம் வேண்டும்.

இத்தொழிலில் புகழ் குறைவு, உழைப்பு மிகுதி. பாத்திரத்தைக் கோடிப் பேர் அறிவர். பேசியவரின் பெயரை அறிந்தோர் சிலரே. அலறலும் அழுகையும் நிறைந்த காட்சிகளை மீண்டும் மீண்டும் பேசுவதால் தொண்டை புண்படும். இன்று கணினியே மனிதக் குரலைப் படியெடுக்கிறது. தம் இசைவும் ஊதியமும் இன்றித் தம் குரலைப் பயன்படுத்தக் கூடாது எனக் கலைஞர்கள் கோருகின்றனர்; அமெரிக்க நடிகர்கள் 2023இல் நடத்திய வேலைநிறுத்தத்திலும் இக்கோரிக்கை இடம்பெற்றது. குரலும் ஒருவரது உடைமையே என்பதை உலகம் இப்போதுதான் உணரத் தொடங்கியுள்ளது.

அருஞ்சொற்பொருள்
இதழ் – உதடு
இயையும் – பொருந்தும்
பிறழாமல் – தவறாமல்
இசைவு – சம்மதம்

சிந்தித்து விடையளிக்க
1. சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது ஏன்?
2. இதழ் மூடிப் பிறக்கும் எழுத்துகளில் தொடங்கும் ஐந்து சொற்களை எழுதுக.
3. விரும்பிப் பார்க்கும் இந்தி அசைபடக் காட்சி ஒன்றின் உரையாடலை, வாயசைவுக்குப் பொருந்துமாறு தமிழில் எழுதிப் பேசிக் காட்டுக.