தோலை அளக்கும் நுட்பம்

மெய், வாய், கண், மூக்கு, செவி என ஐம்பொறிகளை எண்ணுமிடத்து நம் முன்னோர் மெய்யை முதற்கண் வைத்தனர். அம்மெய்யைப் போர்த்து நிற்கும் தோலின் நீட்சியையும் மீட்சியையும் அளத்தல் கூடுமோ? கூடுமெனின் அஃது எவ்வாறு? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1678ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் றொபேட் ஊக் என்பார், விற்சுருளின் நீட்சி அதனை இழுக்கும் விசைக்கு நேர்விகிதசமமாகும் என்னும் விதியை வெளியிட்டார். தோலோ இவ்விதிக்கு முற்றும் அடங்குவதன்று. தொடக்கத்திற் சிறு விசைக்கே எளிதில் நீளும். பின்னர் மிக்க விசைக்கும் சிறிதே நீளும். காரணம் யாதெனின், தோலின் உட்படையில் இருவகை நார்கள் உள. எலாத்தின் நார்கள் இறப்பரைப் போல நீண்டு மீள்வன. கொலாசன் நார்கள் தளர்ந்த கயிறுகள் போல நெளிந்து கிடப்பன. நிமிர்ந்த பின்னரே அவை பாரத்தைத் தாங்குவன.

இழுக்குந் திசையும் கருதற்பாலது. வியன்னா நகர உடற்கூற்றறிஞர் காள் இலாங்கர், சடலங்களின் தோலில் உருண்ட குத்தூசியாற் பல துளைகள் இட்டார். வட்டமாய் நிற்கவேண்டிய துளைகள் நீள்வட்டமாயின! அவற்றின் நீளச்சுகளை இணைத்து, உடலெங்கும் தோல் இழுபட்டு நிற்குந் திசைகளைக் கோடுகளாக வரைந்து 1861இல் வெளியிட்டார். அத்தகைய திசைக்கு இணங்கக் கீறிய புண் அகலத் திறவாது, வடுவும் மெல்லிதாகும். உயிருள்ளார் தோலில் இக்கோடுகள் சிலவிடத்து வேறுபடுதலின், இக்காலச் சத்திரவைத்தியர் தளர்ந்த தோலின் இயல்பான மடிப்புகளையும் நோக்கியே கீறுவர்.

உயிருள்ளார் தோலை ஊறின்றி அளத்தற்கும் கருவிகள் உள. 2 மில்லிமீற்றர் அகல வாயுடைய குழாயைத் தோலின்மேல் வைத்துக் காற்றை உறிஞ்சத் தோல் மேலெழும். அவ்வுயரத்தை ஒளியின் துணைகொண்டு அளந்து, உறிஞ்சுதலை நிறுத்தியதும் அது எவ்வளவு விரைவில் மீள்கின்றதென நோக்குவர். எனினும் உடலின் இடம், வயது, ஈரம், திசை, அளக்கும் முறை ஆகியவற்றிற்கேற்ப விடை மாறும். முறை வேறுபட்டால் விடை ஆயிரமடங்கும் வேறுபடலாம். ஆதலின் தோலுக்கென ஒரே எண் கூறுதல் இயலாது.

நிற்க. கருவியின்றியும் வைத்தியர் தோலை அளப்பர். வயிற்றோட்டத்தால் வருந்துங் குழந்தையின் வயிற்றுத்தோலைக் கிள்ளி விடுவர். மடிப்பு மறைய 2 செக்கனுக்கு மேற்சென்றால், உடல்நீர் மிகக் குன்றியமைக்கு அஃது ஓர் அறிகுறி. விரைந்து நீரூட்டாவிடின் உயிர்க்கே கேடாம். முதியவர் கையிலோ, நீர் குன்றாதபோதும் மடிப்பு மெல்லவே மறையும். எலாத்தின் நார்கள் நலிந்தமையே காரணம். இரண்டிடத்தும் அளவு ஒன்று, பொருள் வேறு.

மாணவர்காள்! அளவுகோலைக் கையில் எடுக்குமுன், அளக்கப்படுவது யாருடையது, எவ்விடத்தது, எந்நிலையது என வினவுக. அவ்வினா இன்றிப் பெற்ற எண், எத்துணை நுட்பமாயினும், நம்மைப் பிழைவழிப்படுத்தும்.