மெர்போக்குக்கு வாத்தியார் வேண்டாம்

1996-இல் திறந்த கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் செய்கிறார்கள். வேலை முடிந்து தாமானுக்குத் திரும்பினால் சில வீடுகளின் முகப்பில் பறவைக் கூண்டு தொங்கும். கெடாக்காரர்கள் ஆசையாக வளர்ப்பவை இரண்டு: உடம்பெல்லாம் கோடுபோட்ட சின்னப் புறாவான மெர்போக், நீண்ட வாலும் செம்பழுப்பு வயிறும் கொண்ட முராய் பத்து. முராய் பத்துவைத் தமிழ்நாட்டுக்காரர்கள் சோலைப்பாடி என்பார்கள்.

மெர்போக் வாங்குகிறவர் முதலில் விசாரிப்பது தாய் தகப்பனை. எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் சோங்க்லா மாநிலத்துச் சானாவில் வம்சம் பார்த்து மெர்போக் வளர்த்து விற்பது பெரிய தொழில். முராய் பத்து வைத்திருப்பவரோ, குஞ்சின் பக்கத்தில் கைப்பேசியில் நல்ல பாட்டுகளை ஓடவிடுவார். மரபணுவா, வளர்ப்பா என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டைபோட்ட கேள்விக்கு இவர்கள் கைக்காசைப் போட்டே பதில் சொல்கிறார்கள்.

பதில் ஏறக்குறைய சரி. 1971-இல் பறவை ஆய்வாளர்களான நோட்டபோம் தம்பதியர், பொரித்துச் சில நாளே ஆன வளையப் புறாக் குஞ்சுகளின் செவியை அறுவை செய்து கேளாததாக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். எந்தக் கூவலையும் கேட்காத அவை வளர்ந்து, தம் இனத்துக்குரிய கூவலைப் பிசகாமல் கூவின. குயிலும் இந்தக் கட்சிதான். காக்கை ஊட்டி வளர்த்தாலும் பெரிதானதும் குயிலாகவே கூவும்.

முராய் பத்து பாட்டுப்பறவை. இந்த வகை கேட்டுத்தான் பழகும். வட அமெரிக்காவின் வெண்முடிச் சிட்டை ஆராய்ந்த பீட்டர் மார்லர், ஏறக்குறைய 10-ஆம் நாள் முதல் 50-ஆம் நாள் வரை காதில் விழுந்ததே பாட்டாகப் பதிகிறது என்று கண்டார். தனியே வளர்ந்தவை அரைகுறையாகப் பாடின. ஆனால் சொந்த இனப் பாட்டையும் வேற்றினப் பாட்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், சிட்டுக்குஞ்சு தன் இனத்ததையே பிடித்துக்கொண்டது. வாத்தியாரைத் தேர்ந்தெடுப்பது மரபணு! முராய் பத்து இதில் தாராளம், மற்றப் பறவைகளின் குரலையும் சேர்த்துக்கொள்ளும். பறவைப் பாட்டுப் போட்டிக்கு வளர்ப்பவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

‘பிறவிக் குணம்’ என்ற பக்கத்திலும் கணக்கு அவ்வளவு சுத்தமில்லை. தாயின் அழைப்பை அடையாளம் காண்பது வாத்துக்குஞ்சுக்குக் கூடவே பிறந்தது என்றுதான் நினைத்திருந்தார்கள். உளவியலாளர் கில்பர்ட் கோட்லீப் முட்டைக்குள்ளேயே குஞ்சின் குரலை அடக்கி, மற்ற முட்டைகளின் சத்தமும் கேட்காமல் தனியாகப் பொரிக்கவைத்தார். வெளியே வந்த குஞ்சுகள் வாத்தின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் பிரித்தறியாமல் தடுமாறின. ஓட்டுக்குள் தன் குரலைத் தானே கேட்டதும் அவற்றுக்கு ஒரு பாடமாகவே இருந்திருக்கிறது.