ஒருமுறை எழுது, நூறுமுறை படி

டெல்லியில் 1984 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்காக உருவாக்கிய 128 இணைப்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. புழுதியையும் வெயிலையும் ஏசி இல்லாமலே தாங்கிய பெட்டி என்று அதைப் புகழ்வார்கள். நியாயமான புகழ்தான். ஆனால் அந்தத் தலைமுறை டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளில் என்னை வியக்கவைப்பது, ரிசீவரை எடுத்ததும் காதில் விழுமே, அந்த டயல் டோன்.

ஒரே நொடியில் ஐம்பது பேர் ரிசீவரை எடுத்தாலும் ஐம்பது டோன் வேண்டியதில்லை. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக நினைவகத்தில் எழுதும். எந்த எண்ணை யாருக்குப் படித்துக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு சிறிய நினைவகத்தில் இருக்கும். டோனுக்கு ஓர் இடம் போதும். ஐம்பது பேருடைய குறிப்பும் அந்த ஓர் இடத்தையே காட்டும். பழையதை அழிக்கும் வேலையும் கிடையாது. 125 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை புது எண் அதன்மேல் தானாக எழுதப்பட்டுவிடும்.

இன்டர்நெட்டில் அந்தச் சௌகரியம் இல்லை. தகவல் அங்கே பாக்கெட்டுகளாக வருகிறது, நினைத்த நேரத்தில் வருகிறது. ஒரே பாக்கெட்டைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் முறைக்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். 1980களில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் டீரிங் வகுத்தது அது. நம் தேசியப் பங்குச் சந்தை, நொடிக்கு நொடி மாறும் விலைகளைத் தரகர்களுக்கு அனுப்புவதும் இப்படித்தான். அனுப்புபவர் ஒரு பிரதிதான் அனுப்புகிறார். வழி பிரியும் இடத்தில் இருக்கும் ஸ்விட்ச் அதைப் பலவாக்குகிறது.

48 போர்ட் உள்ள ஒரு ஸ்விட்சுக்கு 1,500 பைட் பாக்கெட் ஒன்று வருகிறது, 40 போர்ட்களுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பிரதி எடுத்தால் 60,000 பைட் போய்விடும். ஸ்விட்ச் சிப்பில் இடம் அவ்வளவு தாராளமில்லை. பிராட்காமின் ட்ரைடென்ட் 2 சிப்பில் எல்லாப் போர்ட்களுக்கும் பொதுவாக இருப்பது சுமார் 12 மெகாபைட். நொடிக்கு 1.28 டெராபிட் என்ற அதன் முழு வேகத்தில் உள்ளே வருவது எதுவும் வெளியேறாவிட்டால், 75 மைக்ரோ நொடியில் அது நிரம்பிவிடும். ஆகவே பாக்கெட்டை ஒருமுறை மட்டும் எழுதிவைத்து, அது இருக்கும் இடத்தின் முகவரியை, அதாவது பாயின்டரை, நாற்பது போர்ட்களின் வரிசைகளிலும் போடுகிறார்கள். போர்ட்டுக்குப் போர்ட் மாற வேண்டியது தலைப்பகுதி மட்டுமே. அதை வெளியேறும் வாசலில் திருத்திக்கொள்ளலாம். உடலைத் தொட வேண்டியதில்லை.

இதுவரை எளிது. அந்த இடத்தை எப்போது காலி செய்வது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை ஒன்று மேசை மேசையாகப் போகும். கடைசி ஆள் கையெழுத்துப் போட்டபிறகுதான் கோப்புக்குள் போகும். ஸ்விட்சும் அப்படியே கணக்கு வைக்கிறது. பாக்கெட்டோடு 40 என்ற எண்ணை எழுதிவைக்கும். ஒரு போர்ட் அனுப்பி முடித்ததும் ஒன்று குறையும். பூஜ்யமானதும் இடம் காலி. ஆனால் 10 கிகாபிட் போர்ட் ஒன்றில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் 67.2 நானோ நொடிக்கு ஒன்றாகப் போகும். பல போர்ட்கள் ஒரே கணத்தில் அதே எண்ணைக் குறைக்க வந்தால் ஒரு கழித்தல் தவறிப்போகலாம். தவறினால் எண் பூஜ்யத்தைத் தொடாது. ஸ்விட்சை அணைத்துப் போடும்வரை அந்த இடம் வீண். ஒரு தடவை கூடுதலாகக் கழிந்துவிட்டால் இன்னும் மோசம். இடம் முன்கூட்டியே காலியாகி, வேறு யாருக்கோ உரிய தகவல் அங்கே எழுதப்பட்டு, பழைய பாயின்டர் வழியாக வெளியே போய்விடும். இதனால் சில வடிவமைப்புகளில் எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பிட் கொடுக்கப்படுகிறது. தன் பிட்டை மட்டும் அது அழிக்கும்.

இன்னொரு தொல்லை, மந்தமான போர்ட். 39 பேர் முடித்தபிறகும் ஒருவருக்காக முழுப் பாக்கெட்டும் காத்திருக்கும். பெல் ஆய்வகத்தின் அபிஜித் சௌத்ரியும் எலன் ஹானும் 1998இல் இதற்கு உதவும் அழகான விதி ஒன்றை வெளியிட்டார்கள்: எந்த வரிசையும் எவ்வளவு நீளலாம் என்பதை, மிச்சமிருக்கும் காலி இடமே தீர்மானிக்கட்டும். இடம் குறையக் குறைய எல்லோருக்கும் வரம்பு இறுகும். வரம்பை மீறும் வரிசையில் புதுப் பாயின்டர் ஏறாது. மற்றவர்களுக்கு அதே பாக்கெட் போய்க்கொண்டிருக்கும்.

டெல்லி ஐஐடியில் 1990இல் பி.டெக். முடித்த பாலாஜி பிரபாகர், நிக் மெக்கியோன், ரித்தேஷ் அஹுஜா மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது வேறு வகை ஸ்விட்ச். அதில் பாக்கெட்டுகள் நுழைவாயிலிலேயே வரிசையில் நிற்கும். வெளிவாசல் ஒவ்வொன்றும் ஒரு சமயத்தில் ஒரு நுழைவாயிலிலிருந்து மட்டுமே வாங்கும். அதனால் எந்தச் சுற்றிலும் சில பாக்கெட்டுகளுக்குச் சில வாசல்கள் மிச்சமாகிவிடும். அந்த மிச்சத்தை எல்லா நுழைவாயில்களுக்கும் பகிர்வதா, சிலவற்றில் மட்டும் குவிப்பதா? பகிர்வதுதான் நேர்மை என்று நம் மனசு சொல்லும். குவிப்பதே மேல் என்று அவர்கள் காட்டினார்கள். பகிர்ந்தால் எல்லா வரிசைகளின் முகப்பிலும் பாதி முடிந்த பாக்கெட் அடைத்துக்கொண்டு நிற்கும். குவித்தால் பெரும்பாலான வரிசைகள் தம் பாக்கெட்டை முழுவதுமாக முடித்து, அடுத்ததை முன்னே கொண்டுவரும். டெட்ரிஸ் விளையாட்டின் மாதிரியில் இதற்கு ஒரு வழிமுறையை அமைத்தார்கள். சிப்பில் செதுக்க ஏற்ற எளிய வழி ஒன்றையும் தந்தார்கள்: காத்திருந்த நேரம் கூடினால் பாக்கெட்டின் எடை கூடும், போக வேண்டிய வாசல்கள் கூடினால் எடை குறையும். ஒவ்வொரு வெளிவாசலும், தன்னிடம் வர நிற்பவற்றில் எடை மிகுந்ததை எடுத்துக்கொள்ளும். நெடுநேரம் நின்றதன் எடை ஏறிக்கொண்டே போவதால், எந்தப் பாக்கெட்டும் கவனிப்பாரில்லாமல் நின்றுபோவதில்லை.