பம்புக் குழாய்களின் இணைப்புகள்

கிணற்று ஜலத்தை யந்திரத்தால் இறைத்துப் பாய்ச்சும் மிராசுதாரர்களும் குடியானவர்களும் பம்பு வாங்கும்பொழுது அதன் குதிரைசக்தியைப் பற்றிப் பத்து இடங்களில் விசாரிக்கிறார்கள். குழாய் வாங்கும்பொழுது அதன் கனத்தையும் விலையையும் ஒத்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு குழாயை மற்றொரு குழாயோடு சேர்க்கின்ற கப்ளிங், பிளாஞ்சு, யூனியன் முதலிய உறுப்புகளைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலரே. குழாய் பொருத்த வருகிறவருடைய பையில் அன்றைக்கு எது இருக்கிறதோ, அதுவே பெரும்பாலும் பூமிக்குள் புதைகிறது. இந்த அலட்சியத்தினால் நேரும் நஷ்டம் குழாயின் விலையோடு நிற்பதன்று.

சில வருஷங்களுக்கு முன், கோடைகாலத்தில், இதை எழுதுவோன் ஒரு வாழைத் தோட்டத்தைப் பார்க்க நேர்ந்தது. மூன்று ஏக்கர் வாழை குலை தள்ளும் தருணத்தில் இருந்தது. கிணற்றில் ஜலம் பம்பிற்குக் கீழே பதினெட்டு அடியில் தாராளமாக நின்றது. பம்போ விட்டு விட்டு இருமுவதுபோல் இறைத்தது. தொட்டியில் விழுந்த ஜலம் பால் நுரைபோல் வெளுத்திருந்தது. சொந்தக்காரர், ஐந்து குதிரைசக்தி மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரைக் குதிரைசக்தி மோட்டார் வைப்பதற்கு விலைச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே, உறிஞ்சு குழாயிலுள்ள பிளாஞ்சுகளின் சந்தில் கிணற்றுப் படியிலிருந்து எடுத்த ஈரக் களிமண்ணை ஒவ்வொன்றாக அப்பிக்கொண்டு வந்தோம். மூன்றாவது பிளாஞ்சில் களிமண் பட்டதும் அது உள்ளே இழுபட்டது; மேலும் அழுத்தி அப்பிய சில நிமிஷங்களில் தொட்டியில் தண்ணீர் தெளிந்து குழாய் நிறைய விழத் தொடங்கிற்று. அவிழ்த்துப் பார்த்ததில், லாரி டியூபிலிருந்து வெட்டிப் போட்டிருந்த வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. புதிய வாஷரின் கிரயம் அவர் பட்டணம் போய்வரும் பஸ் சத்தத்திலும் குறைவு. அதற்குள் வாழைக்கு இரண்டு தண்ணீர் தப்பிவிட்டது என்பதே மனத்தாங்கல்.

இதில் கவனிக்கவேண்டியது யாதெனில், அந்தப் பிளாஞ்சில் ஒரு சொட்டு ஜலங்கூடக் கசியவில்லை. பம்பிலிருந்து வயலுக்குச் செல்லும் குழாயில் இணைப்புக் கெட்டால் ஜலம் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். கிணற்றிலிருந்து பம்பிற்கு வரும் உறிஞ்சு குழாயில் கெட்டால் காற்று உள்ளே போகும், ஒன்றும் தெரியாது. பம்பு ஜலத்தைத் தானாக இழுப்பதாக நாம் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் ஜலத்தை மேலே தள்ளுவது வெளியிலுள்ள ஆகாயத்தின் அழுத்தமே. அவ்வழுத்தம் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 34 அடி உயரத்திற்குமேல் ஜலத்தைத் தூக்கவல்லதன்று. உராய்வு முதலிய நஷ்டங்கள் போக, நடைமுறையில் 20 அடிக்குமேல் உறிஞ்சுவதை நம்பியிருத்தல் கூடாது. இத்தனை சிறிய மூலதனத்தில் காற்றுக்கும் பங்கு கொடுத்தால் மிஞ்சுவது என்ன? மையவிலக்குப் பம்பின் சக்கரம் ஜலத்தைச் சுழற்றி எறியத் தக்கது. காற்றை எறிய மாட்டாது. எனவே, ‘ஏர் பிடித்துக்கொண்டது’ என்று சொல்லும் வியாதிக்கு மோட்டாரை மாற்றுவது மருந்தாகாது. முதலில் ஃபுட் வால்வையும், அடுத்தபடியாக உறிஞ்சு குழாயின் இணைப்புகளையும் சோதிக்கவேண்டும். குழாயின் அகலம் மாறுமிடத்தில் போடும் ரிடியூசரும் மேற்புறம் மட்டமாயுள்ளதாக இருத்தல் நலம். இருபுறமும் சரிவாயுள்ளதைப் படுக்கையாகப் போட்டால் அதன் மேல் மூலையில் காற்று தங்கிவிடும்.

1932-ஆம் வருஷத்தில் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியதற்குப் பின்னர், கோயமுத்தூர்ப் பிரதேசத்தில் கவலை ஏற்றங்களின் இடத்தில் மின்சாரப் பம்புகள் பெருகின. ஜலமட்டம் இறங்க இறங்க, பம்பையும் கிணற்றுக்குள் படிப்படியாக இறக்கி வைப்பது அங்கெல்லாம் வழக்கமாயிற்று. இவ்வாறு அடிக்கடி கழற்றி மாட்டவேண்டிய இடத்திற்கு ஏற்றது பிளாஞ்சு இணைப்பே. போல்ட்டுகளைத் தளர்த்தினால் குழாய் தனியே வந்துவிடும்; வேறொன்றையும் திருகவேண்டுவதில்லை. ஆனால் அதை மாட்டுவதில் ஒரு கிரமம் உண்டு. ஒரு போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு ஒருபுறம் சாய்ந்து வாஷர் அப்புறத்தில் நசுங்கும். எதிர்ப்புறத்தில் சந்து விடும். எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி, மூன்று நான்கு சுற்றுக்களில் சிறிது சிறிதாக இறுக்கிவர வேண்டும். வாஷரின் நடுத்துளை குழாயின் உள்வாயைவிடச் சிறியதாக இருத்தல் கூடாது. ஒருமுறை நசுங்கிய வாஷரைப் புரட்டிப் போடும் சிக்கனம் சிக்கனமாகாது.

இரும்புக் குழாய்களில் மரை வெட்டி சாக்கெட்டினால் சேர்ப்பது பழைய முறை. இங்கிலாந்தில் ஸர் ஜோஸப் விட்வொர்த் என்பவர் 1841-ல் மரைகளுக்குப் பொது அளவு ஒன்றை வகுத்தார்; அதற்குமுன் ஒவ்வொரு பட்டறையும் தன் தன் இஷ்டப்படி மரை வெட்டிவந்தது. அவர் வகுத்த 55 பாகைக் கோணமே நம் நாட்டில் விற்கும் குழாய் மரைகளுக்கும் ஆதாரம். அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. ஆகையால் வெளிநாட்டு யந்திரத்தோடு வந்த நிப்பிளை நம் சாக்கெட்டில் முறுக்கினால் இரண்டு மூன்று சுற்றுப் பிடித்தது போலிருந்து பிறகு கசியும். பலங்கொண்டு முறுக்கினால் மரை அழியும். முற்காலத்தில் மரையில் சணல் நூலைச் சுற்றி ஈயவெள்ளை பூசுவார்கள். ஈயம் விஷம், குடிக்கும் ஜலம் செல்லும் குழாயில் அதைத் தொடவே கூடாது. இப்பொழுது டெஃப்லான் நாடா எங்கும் கிடைக்கிறது. மரை முறுகும் திசையிலேயே அதைச் சுற்றவேண்டும். பிளாஸ்டிக் சாக்கெட்டிற்குள் இரும்பு நிப்பிளைப் போடும்பொழுது நாடாவை மிகுதியாகச் சுற்றினால் சாக்கெட் பிளந்துபோகும்.

மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய்க் குழாயின் கனமும் குறைந்துவிடுகிறது. துரு முதலில் கடிப்பது அவ்விடத்தையே. அன்றியும் நீளமான வரிசையில் நடுக்குழாய் ஒன்று பழுதானால், யூனியன் இல்லாத பக்ஷத்தில், ஒரு கோடியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வரவேண்டும். பத்துக் குழாய்க்கு ஒரு யூனியன் போட மனமில்லாதவர் பின்னால் பத்துக் குழாயையும் கழற்றுகிறார்.

ஆழ்துளைக் கிணறுகளில் நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்போருக்கு உறிஞ்சு குழாயின் தொல்லை இல்லை. ஆனால் அங்கே இணைப்பு மற்றொரு பாரத்தைத் தாங்குகிறது. இரண்டங்குல உள்வாயுள்ள குழாயில் 100 மீட்டர் உயரத்திற்கு நிற்கும் ஜலத்தின் எடை மாத்திரமே ஏறக்குறைய 200 கிலோ. அதற்குமேல் மோட்டாரும் பம்பும் குழாயும். அவ்வளவும் மேல் இணைப்பின் மரையில் தொங்குகின்றன. மோட்டாரைப் போடும் ஒவ்வொரு தடவையும் குழாய் வரிசை ஒரு முறுக்கு வாங்குகிறது. தளர்ந்த மரை அம்முறுக்கினால் மெல்ல மெல்லக் கழன்றுவருவதும் உண்டு. பம்பு துளைக்குள் விழுந்தால், எடுக்க முடிந்தால் கூலி நஷ்டம். எடுக்க முடியாவிட்டால் துளையே நஷ்டம். இதற்கென்றே கெட்டியான சதுர மரையும் பூட்டும் உள்ள குழாய்கள் விற்கப்படுகின்றன. சாதாரண வயல் குழாயை அங்கே தொங்கவிடுதல் தகாது. எவ்வகைக் குழாயானாலும் பம்பின் கழுத்திலிருந்து மேல்வரையில் தனியே ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டவேண்டும்.

இனி ரப்பர் வளையத்தைக் கொண்டு சேர்க்கும் இணைப்புகள். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து பிராட்போர்டு நகரில் ஸாலமன் டிரெஸ்ஸர் என்பவர், எண்ணெய்க் கிணற்று வேலையில் ஈடுபட்டிருந்தவர், 1880-க்குப் பிற்பட்ட வருஷங்களில் இரண்டு குழாய் முனைகளின் மேலும் ஓர் உறையைப் போட்டு, இருபுறமும் ரப்பர் வளையங்களைப் போல்ட்டுகளால் நெருக்கும் ஒரு கப்ளிங்கைச் செய்தார். பூமிக்குள்ளிருந்து வரும் எரிவாயு மரைகளின் வழியே தப்பிக்கொண்டிருந்த காலம் அது. தொலைதூர எரிவாயுக் குழாய்கள் சாத்தியமானதற்கு அக்கப்ளிங் ஒரு முக்கிய காரணம். பின்னர் 1919-ல், குழாயின் முனையில் ஒரு பள்ளம் வெட்டி, அதைக் கவ்வும் இரண்டு பாதி வளையங்களுக்குள் ரப்பரை வைக்கும் முறை இங்கிலாந்தில் பதிவாயிற்று. இவ்வகை ரப்பரின் குணம் வினோதமானது: உள்ளேயுள்ள ஜலத்தின் அழுத்தம் ஏற ஏற, அதன் உதடு குழாயோடு மேலும் ஒட்டிக்கொள்ளுகிறது.

நம் தோட்டங்களில் தெளிப்பு நீர்ப் பாசனத்திற்கு வைத்துக் கழற்றும் இலேசான குழாய்களின் கொக்கிக் கப்ளிங்கும் இதே தத்துவந்தான். இவற்றில் பம்பை நிறுத்தியதும் கொஞ்சம் ஜலம் ஒழுகுவது குற்றமன்று. அழுத்தம் வந்ததும் நின்றுவிடும். ஓடும்பொழுதும் ஒழுகினால் வளையத்தின் காடியில் மணல் இருக்கிறதென்று அறியவேண்டும். அறுவடைக்குப் பின் குழாயைக் களத்தில் போட்டுவைப்பவர்கள் வளையங்களையாவது கழற்றி, வெயிலும் எலியும் படாத பானையொன்றில் இட்டு வைத்தல் நலம். ரப்பருக்கு எண்ணெய் தடவலாகாது. வழுக்கச் சோப்பு நீர் போதும்.

பி.வி.ஸி. குழாய்களை ஒட்டும் திரவத்தால் சேர்ப்பது யாவரும் அறிந்ததே. அது ஒட்டினால் பிரியாது, பிரிக்கவேண்டுமானால் அறுக்கவேண்டும். ஈரமான குழாயிலும், தூசி துடைக்காத குழாயிலும் ஒட்டிவிட்டு, உடனே மோட்டாரைப் போடுவது அநேகர் செய்யும் தவறு. மேலும் வெயிலில் கிடக்கும் குழாய் நீளுவதை நினைக்கவேண்டும். 100 மீட்டர் பி.வி.ஸி. வரிசை 20 பாகை செண்டிகிரேடு சூட்டு வித்தியாசத்தில் ஏறக்குறைய 14 செண்டிமீட்டர் நீளும், சுருங்கும். நடுப்பகலில் ஒட்டி உடனே மூடிய வரிசை குளிர்ந்த ஜலம் பாய்ந்ததும் இழுபடுகிறது. இடையிடையே ரப்பர் வளைய சாக்கெட் போட்டால் அவ்வசைவுக்கு இடமுண்டு.

கறுப்புப் பாலித்தீன் குழாய் இதைப்போல் இரண்டு மடங்கிற்கு மேல் நீளும். அதை எந்தத் திரவத்தாலும் ஒட்ட முடியாது. உருக்கிச் சேர்க்கவேண்டும், அல்லது நெருக்குக் கப்ளிங் போடவேண்டும். நெருக்குக் கப்ளிங்கில் ஜலத்தைத் தடுப்பது ரப்பர் வளையம்; குழாயைப் பிடித்துக்கொள்வது பல்லுள்ள பிளந்த வளையம். இவ்விரண்டின் தொழிலும் வேறு. குழாயை நேராக அறுத்து, முனையின் விளிம்பைச் சிறிது சீவி, எவ்வளவு உள்ளே போகவேண்டுமோ அவ்வளவிற்கு ஓர் அடையாளமிட்டு, அவ்வடையாளம் மறையும்வரை செலுத்திய பிறகே நட்டைத் திருகவேண்டும். அடையாளமிடாதவன் ரப்பரைத் தாண்டாமலே இறுக்கிவிட்டு, கப்ளிங் கெட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறான்.

குழாயைப் பிடித்துக்கொள்ளும் சக்தி எவ்வளவு வேண்டுமென்பதற்கு ஒரு கணக்கு. 110 மில்லிமீட்டர் குழாயில் 100 அடி உயர அழுத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சதுர செண்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. குழாயின் முகம் 95 சதுர செண்டிமீட்டர். ஆகவே கோடியிலுள்ள மூடியை 285 கிலோ பாரம் வெளியே தள்ளுகிறது. நேர்கோணமாகத் திரும்பும் வளைவிலோ சுமார் 400 கிலோ. நான்கு மூட்டை நெல்லுக்கும் அதிகம். ரப்பர் வளைய சாக்கெட்டுக்குள் குழாயைப் பிடிக்கும் பல் எதுவும் இல்லை. வளைவுக்குப் பின்னால் கலைக்கப்படாத மண்ணில் சாய்ந்தாற்போல் ஒரு கான்கிரீட் திண்டு கட்டாவிட்டால், வால்வைப் படீரென்று மூடும் ஒரு நாளில் வளைவு கழன்று வெளியே வரும். குழாயின் தரம் மோசம் என்று அப்பொழுது சொல்லப்படும்.

கசிவின் அளவையும் சொல்லவேண்டும். மேற்படி அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளையொன்று மணிக்கு ஏறக்குறைய 370 லிட்டர் ஜலத்தை விடும். எட்டு மணி நேரத்தில் 3,000 லிட்டர். விவசாய மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லாமையால் பில்லில் இது தெரிவதில்லை. கிணற்றில் தெரியும். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவது அன்றைய தண்ணீரைக் காப்பாற்றும். தண்ணீர் கட்டி முடித்ததும் அவ்விடத்தை அறுத்து ரிப்பேர் கப்ளிங் போட்டுவிட வேண்டும்.

பஞ்சாயத்துத் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இதில் இன்னொன்றைக் கவனிக்கக் கோருகிறோம். குடிநீர்க் குழாயில் நாள் முழுவதும் ஜலம் ஓடுவதில்லை. மேல்நிலைத் தொட்டியை மூடியபின் குழாய் காலியாகும்பொழுது, காலையில் ஜலத்தை வெளியே விட்ட அதே சந்து, சாயங்காலம் சாக்கடை நீரை உள்ளே வாங்குகிறது. மறுநாள் முதலில் பிடிக்கும் குடத்தில் அது வருகிறது. வயிற்றுப்போக்கும் காலராவும் இவ்வழியில் பரவக்கூடும். ஆகையால் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் இணைப்பே வராதபடி ஒரே குழாயாக அமைக்கவேண்டும். முடியாவிட்டால் சாக்கடைக்கு மேலாக, வெளியே தெரியும்படி கொண்டுபோகவேண்டும்.

புதிதாகக் குழாய் புதைப்போர், குழாயின் நடுப்பாகத்தை மட்டும் மண்ணிட்டு அமர்த்தி, இணைப்புகளைத் திறந்தபடியே வைத்து, வால்வை மெதுவாகத் திறந்து, காற்று முழுவதும் வெளியேறிய பின் ஒரு நாள் முழு அழுத்தத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். மூடுமுன், வரப்பிலிருந்தோ கிணற்று மூலையிலிருந்தோ ஒவ்வொரு யூனியனும் வளைவும் வால்வும் எத்தனை அடி தூரத்தில் இருக்கின்றன என்பதை ஒரு காகிதத்தில் வரைந்து, பட்டாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். குழாய் பொருத்தியவர் ஊரைவிட்டுப் போய்விட்டாலும், அடுத்த தலைமுறையில் வயலைப் பங்கு பிரித்தாலும், எங்கே தோண்டவேண்டும் என்பதை அக்காகிதம் சொல்லும்.