பரணில் தூங்கும் "ரோபோ" பொம்மை! பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன் ஒரு நிமிடம்...

தேனி:-

"பழைய இரும்பு, பிளாஸ்டிக், ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

தள்ளுவண்டிக்காரர் குரல் தெருமுனையில் கேட்டதும் பரணில் ஏறி மூட்டையைக் கீழே தள்ளுவது வீட்டு வழக்கம். கை ஒடிந்த கரடி, சக்கரம் போன ஜீப்பு, சாவி தொலைந்த குரங்கு எல்லாம் அந்த மூட்டையில் இருக்கும். அவற்றோடு ஒரு லாரி பொம்மையும் கிடக்கலாம். நீட்டி மடக்கினால் அது மனிதன் போல எழுந்து நிற்கும். "உருமாறும் ரோபோ" என்பது அதுதான்.

"அது கெடக்கு கழுத, போட்ருப்பா" என்று பாட்டி சொல்லுவார். தராசுத் தட்டில் அதுவும் போய் விழும்.

அவசரப்பட வேண்டாம்!

அந்தப் பொம்மை கால் கிலோ பேரீச்சம்பழத்துக்குத்தான் பெறும் என்றும் இருக்கலாம். பல ஆயிரம் ரூபாய் பெறும் சரக்காகவும் இருக்கலாம். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருப்பதுதான் சிக்கல். வித்தியாசம் தெரியாமல் விற்று ஏமாந்தவர்களும் உண்டு. வெறும் போலியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? இதோ விவரம்:-

ஜப்பானில் பிறந்தது

இந்தப் பொம்மைகளின் பிறந்த வீடு ஜப்பான். அங்கே உள்ள "டகாரா" என்ற கம்பெனி 1980-ல் "டயாக்ளோன்" என்ற பெயரில் ஒரு பொம்மை வரிசையைக் கொண்டு வந்தது. நிஜக் கார் போலவே இருந்து ரோபோவாக மாறும் பொம்மைகள் 1982-ல் அதில் சேர்ந்தன. துப்பாக்கி, டேப் ரிக்கார்டர் போன்ற வீட்டுச் சாமான்கள் ரோபோவாக மாறும் "மைக்ரோ சேஞ்ச்" வரிசை 1983-ல் வந்தது.

அமெரிக்காவின் "ஹாஸ்ப்ரோ" கம்பெனி இந்தப் பொம்மைகளை வாங்கி, புதுப் பெயர் சூட்டி, ஆளுக்கு ஒரு கதையும் எழுதி 1984-ல் "டிரான்ஸ்பார்மர்ஸ்" என்று விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு டெலிவிஷனில் கார்ட்டூன் தொடரும் வந்தது. உலகம் முழுவதும் பிள்ளைகள் பைத்தியமாகி விட்டனர். 2007-ல் வந்த ஆங்கிலப் படம் அந்தப் பழைய மோகத்தை மறுபடியும் கிளறி விட்டது. 1984-ல் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று கையில் காசு உள்ள பெரியவர்கள். சின்ன வயதில் கிடைக்காததைத் தேடுவோரில் அவர்களே முக்கியமானவர்கள்.

மலையோரத்துக்கு வந்த வழி

1980-களில் வெளிநாட்டுப் பொம்மை நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. துபாய், சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜார்தான் கதி.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் வெளிநாடு போய் வந்தவர்களின் வீட்டுப் பரணை ஒரு முறை தட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

வீரபாண்டி கவுமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழா போன்ற விழாக் கடைகளில் வாங்கிய ரோபோக்கள் வேறு ரகம். அவை அநேகமாகப் பெயர் இல்லாத கம்பெனிகளின் நகல் சரக்கு. பிள்ளை விளையாட நல்ல பொம்மைதான். ஆனால் சேகரிப்பாளர் சந்தையில் பெரிய விலை போகாது.

சென்னைக் கம்பெனிக்கு வெளிநாட்டில் மவுசு

இந்தியாவில் தயாரான பொம்மைக்கு மதிப்பே இல்லை என்றும் நினைத்து விடக் கூடாது. எம்.ஆர்.எப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் "பன்ஸ்கூல்" கம்பெனியைத் தொடங்கின. தலைமையகம் சென்னை. தொழிற்சாலை கோவாவில் வந்தது.

"ஜி.ஐ. ஜோ" என்ற சிப்பாய் பொம்மைகளை அமெரிக்க அச்சுகளை வைத்து பன்ஸ்கூல் இங்கே வார்த்தது. ஆனால் சட்டை ஒரு நிறம், தொப்பி ஒரு நிறம் என்று அமெரிக்காவில் இல்லாத நிறங்களில் பல வந்தன. நம் பிள்ளைகள் மண்ணில் புரட்டி விளையாடிய அந்தப் பொம்மைகளை இன்று அமெரிக்காவில் உள்ள சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அட்டையோடு பிரிக்காமல் இருந்தால் இன்னும் விசேஷம்.

எந்த ஊரில் ஏராளமாகக் கிடைத்தது என்பதை விட, எந்த ஊரில் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தச் சந்தையில் விலையைத் தீர்மானிக்கிறது.

தலைக்குள் தலை!

கிடைக்காத சரக்குக்கு ஓர் உதாரணம் 1987-ல் வந்த "போர்ட்ரஸ் மேக்சிமஸ்". கிட்டத்தட்ட 2 அடி உயரம். மடக்கினால் ஒரு கோட்டை நகரமாக மாறும். அதன் தலையைக் கழற்றினால் அதுவே தனியாக ஒரு ரோபோ. அந்த ரோபோவின் தலையைக் கழற்றினால் அது ஒரு குட்டி மனிதன்! இது போதாதென்று இரண்டு சின்ன வண்டிகள். அவை ஒன்று சேர்ந்தால் இன்னொரு ரோபோ. துப்பாக்கிகள், சாய்வுப் பாதைகள் என்று உதிரிகள் தனி.

இத்தனையும் உடையாமல், தொலையாமல் ஒரு வீட்டில் இருக்குமா? அதனால்தான் இதற்கு விலை. பெட்டியோடு முழு செட்டாக இருந்தால் ஆயிரம் டாலருக்கு மேல் போனது உண்டு. குட்டி மனிதன் தொலைந்து விட்டால் விலை சட்டென்று இறங்கி விடும். இரண்டு அடிப் பொம்மையின் விலையை விரல் அளவுப் பொம்மை முடிவு செய்கிறது.

லாரி ரோபோவான "ஆப்டிமஸ் பிரைம்" கதையும் இதுவே. 1984 பொம்மையில் கைமுட்டிகள் இரண்டும் தனியாகக் கழலும். பெரும்பாலான வீடுகளில் லாரி இருக்கும், முட்டி இருக்காது.

ஏலக்காய் தரம் பார்ப்பது போல...

போடியில் ஏலக்காய் வாங்குபவர் என்ன செய்வார்? ஒரு கை அள்ளிப் பார்ப்பார். நிறம் பச்சையா, வெளுத்ததா? 8 மில்லி மீட்டருக்குக் குறையாத காயா? வாய் பிளந்த காய் எத்தனை? இவ்வளவும் பார்த்த பிறகுதான் விலை சொல்லுவார். பொம்மைக்கும் அப்படியே. பார்க்க வேண்டியவை வருமாறு:-

1. உதிரிகள்: துப்பாக்கி, ஏவுகணை, முட்டி, ட்ரெய்லர் எல்லாம் இருக்கிறதா? வேறு பொம்மையின் துப்பாக்கியை மாட்டி வைத்திருந்தால் அது கணக்கில் சேராது.

2. மூட்டு: நிற்க வைத்தால் கை, கால் தொங்கிப் போகாமல் நிற்க வேண்டும்.

3. ஸ்டிக்கர்: 1985 முதல் வந்த பொம்மைகளில் ஒரு சிறிய ரகசிய ஸ்டிக்கர் உண்டு. விரலால் தேய்த்துச் சூடு ஏறினால் எந்தக் கட்சி ரோபோ என்று காட்டும் முகம் தெரியும். போலிகளைப் பிரிக்கவே இதை ஒட்டினார்கள். ஆனால் 1984-ல் முதலில் வந்தவற்றில் இது கிடையாது. இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று தள்ளி விடக் கூடாது.

4. நிறம்: வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி இருக்கிறதா? வெயில் பட்டால் அப்படி ஆகும். வெள்ளி போல மின்னும் பூச்சு உரிந்திருக்கிறதா?

5. பெட்டி: தெர்மோகோல் அல்லது பிளாஸ்டிக் தட்டு, விளக்கத் தாள் உண்டா? பெட்டியில் அச்சிட்டிருந்த "புள்ளி"களைக் கத்தரித்து அனுப்பினால் பரிசு கிடைக்கும் என்று அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள். அப்படி வெட்டிய பெட்டிக்கு மதிப்புக் குறைவு.

அமெரிக்காவில் இதற்கென்றே தரச் சான்று தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 100-க்கு இத்தனை மார்க் என்று போட்டு, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியில் அடைத்துக் கொடுத்து விடுவார்கள்.

காந்தம் ஏமாற்றும்

"ஒரிஜினல்னா இரும்பு இருக்கும்ணே, காந்தத்தை வச்சுப் பாருங்க" என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். இது தவறு. பழைய பொம்மைகள் பலவற்றில் உலோகப் பாகம் இருப்பது உண்மை. ஆனால் அது துத்தநாகக் கலவை. காந்தம் அதில் ஒட்டாது. உள்ளே இருக்கும் ஸ்க்ரூவில் வேண்டுமானால் ஒட்டும். கையில் எடுத்தால் எடை தெரியும், தொட்டால் குளிர்ச்சி தெரியும். அவ்வளவுதான்.

பொம்மையின் முதுகிலோ காலடியிலோ பொறித்திருக்கும் ஆண்டையும் அப்படியே நம்பக் கூடாது. அது உரிமை பதிவான ஆண்டு. அச்சு பழையது என்றால் பிறகு வார்த்த பொம்மையிலும் அதே ஆண்டு இருக்கலாம். கம்பெனியே பழைய பொம்மைகளை மறுபடி வெளியிட்டதும் உண்டு. போர்ட்ரஸ் மேக்சிமசே 2013-ல் ஜப்பானில் மறுபடி வந்தது. அது போலி அல்ல. ஆனால் 1987 சரக்கும் அல்ல.

பெட்டியைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். "1984 ஒரிஜினல்" என்று சொல்லும் பெட்டியில் இணையதள முகவரி இருந்தால் அது அந்தக் காலத்துப் பெட்டியாக இருக்க முடியாது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இந்தியாவில் கட்டாயம் ஆனது 2021 ஜனவரி 1-ந்தேதி முதல்தான். "பழைய சரக்கு" பெட்டியில் அந்த முத்திரை இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக "கம்பம்" என்று அட்டை எழுதி வைத்த திராட்சை எல்லாம் கம்பத்தில் காய்த்தது ஆகி விடுமா?

தங்கம் மின்னினால் ஜாக்கிரதை

1980-களின் கடைசியிலும் 1990-களிலும் வந்த சில பொம்மைகளில் தங்கத் துகள் கலந்தது போன்ற பிளாஸ்டிக் உண்டு. பார்க்க ஜோராக இருக்கும். வயது ஆக ஆக அது பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் தப்பாது. அப்படிப்பட்ட பாகத்தை "மடக்கித்தான் பார்ப்போமே" என்று திருகினால் கையோடு வந்து விடும்.

ஒடிந்ததை உடனே ஒட்டும் பசையால் ஒட்டுவதும் ஆபத்து. அதன் ஆவி பட்டுச் சுற்றிலும் வெள்ளை பூத்து விடும். பெயிண்ட் அடித்துப் புதுசாக்குவது அதை விட மோசம். தண்ணீரில் ஊறப் போட்டால் ஸ்டிக்கரும் மினுக்குப் பூச்சும் போய் விடும், ஸ்க்ரூ துரு ஏறும். மெல்லிய பிரஷ்சால் தூசி தட்டினால் போதும். பேட்டரி உள்ள பொம்மை என்றால் அதை முதலில் கழற்றி விட வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரண் சித்திரை வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும். பீரோவின் அடித்தட்டுதான் நல்ல இடம்.

விலை எது?

இன்டர்நெட்டில் ஒருவர் 50 ஆயிரம் என்று போட்டிருந்தால் அது அவருடைய ஆசை. விற்று முடிந்த விலை என்ன என்று பார்க்க வேண்டும். அதே பொம்மை, அதே நிலை, அதே உதிரிகளோடு எவ்வளவுக்குப் போனது என்பதுதான் கணக்கு.

வாங்குகிறவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. "ரேர் பீஸ், இப்பவே அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் பின்வாங்கி விடுங்கள். அன்றைய தேதி தெரியும்படி செய்தித்தாளைப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சரக்கு கையில் இல்லாதவர் அதோடு காணாமல் போய் விடுவார். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் கிரைம் போலீசாருக்குச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் வரியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் ஆனது. 2023-ல் அது 70 சதவீதம் ஆக உயர்ந்தது. பொம்மையை விட வரியும் தபால் செலவும் கூடிப் போனால் வாங்கியவர் தலையில் துண்டுதான்.

யாரைக் கேட்க வேண்டும்?

எல்லாம் பார்த்து, அது நகல் சரக்கு, காசு பெறாது என்றே முடிவானாலும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது.

அந்தப் பொம்மைக்குச் சொந்தக்காரன் இன்று திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருப்பான். மீசை நரைக்கத் தொடங்கி இருக்கும். "தம்பி, உன் ரோபோ ஒண்ணு பரண்ல கெடக்கு, போட்றவா?" என்று அவனுக்கு ஒரு போன் போடுங்கள்.

"அம்மா, போட்றாதே! பொங்கலுக்கு வர்றப்ப எடுத்துக்கிறேன்" என்று பதில் வந்தால் தள்ளுவண்டிக்காரரிடம் மற்ற மூட்டையை மட்டும் கொடுத்து அனுப்பி விடலாம். அந்த விலை எந்தச் சந்தையிலும் கிடைக்காது.