கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைப் படித்தீர்களா?

மருத்துவமனை முகப்பில் பாரத்தை நீட்டினால் நம்மவர்கள் தேடுவது கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்தான். சிகிச்சை, காப்புறுதி, ஆய்வு, விளம்பரம் என்று நான்கு சம்மதம் ஒரே தாளில் இருந்தாலும் ஒரே கிறுக்கலில் முடித்துவிடுகிறார்கள். விவரம் வெளியே போன பிறகுதான் பதற்றம். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இது ஓயாத கதை.

ஆய்வு வேண்டாம் என்பதல்ல. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம் என்பது, தேசியச் சிறுநீரகப் பதிவேட்டில் சேர்ந்த விவரங்களைக் கணினியில் அலசியதால்தான் தெரியவந்தது. ஆனால் பெயரையும் ஐசி எண்ணையும் நீக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பிறந்த தேதி, வட்டாரம், அரிய நோய் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆய்வில் சேரச் சொன்னால் நோயாளி தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தொடர்பு எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். இடையில் விலகினாலும் உங்கள் சிகிச்சை குறையக்கூடாது.

தனியார் மருத்துவமனை என்றால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். உங்களைப் பற்றி வைத்திருக்கும் விவரத்தின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். உடல்நல விவரத்துக்குக் கட்டணம் 30 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. பதிலுக்குக் கெடு 21 நாள். விளம்பரச் செய்தியை நிறுத்தச் சொல்லவும், தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் ஒரு கடிதம் போதும். வாய்ச்சொல் செல்லாது. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் முகப்பைவிட்டு நகராதீர்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு புத்ராஜெயாவில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்புங்கள். முத்திரை இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பீர்கள்?

சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. மருத்துவ ஆய்வு என்றால், ரகசியம் காக்கும் கடமையுள்ள மருத்துவ ஊழியர் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமலே விவரத்தைக் கையாள இடமிருக்கிறது. நெறிமுறைக் குழுவைப் பற்றி நான் இத்தனை அழுத்திச் சொல்வது அதனால்தான்.

அதைவிடப் பெரியது, இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. கோவிட் காலத்தில் அரசு பயன்படுத்திய மைசெஜாத்ரா செயலியை நினைத்துப் பாருங்கள். தடுப்பூசி போட்ட 30 லட்சம் பேரின் விவரம் 2021-இல் ஒரு 'சூப்பர் அட்மின்' கணக்கு வழியாகப் பதிவிறக்கப்பட்டதாக, 2023 பிப்ரவரியில் தாக்கலான தணிக்கை அறிக்கை சொன்னது. விவரம் கொடுத்த மக்களுக்கு அதுவரை தெரியாது!

ஆகவே அரசு மருத்துவமனை என்றால் வழி வேறு. இயக்குநர் பெயருக்குக் கடிதம் கொடுங்கள். சுகாதார அமைச்சின் 'சிஸ்பா' புகார் முறையிலும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆய்வு பற்றிய புகாரென்றால் தகவல் தாளில் உள்ள நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு நகல் போகட்டும். எழுதத் தெரியாதவர்கள் மஸ்ஜிட் நெகிரி சாலையில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் உதவி கேட்கலாம். போகும்போது கையெழுத்திட்ட பாரத்தின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.