நுரையீரலைக் காப்போம்

நாம் உள்ளிழுக்கும் காற்று நுரையீரல்களைச் சென்றடைகின்றது. அங்கே 30 கோடிக்கு மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே உயிர்வளி குருதியிற் கலக்கின்றது. இவ்வறைகளை அழிக்கும் கொடிய நோய் காசநோயாகும். அதனை உண்டாக்கும் கிருமியை, 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார்.

கிருமிகள் நுரையீரலிற் பெருகும்போது உடல் அவற்றை எதிர்த்துப் போராடுகின்றது. அப்போராட்டத்தில் காற்றறைகள் பல அழிகின்றன. சிலவிடங்களில் குழிகளும் தோன்றுகின்றன. மருந்து கிருமிகளைக் கொல்லும். ஆயினும் அழிந்த அறைகளை அது மீண்டும் படைத்துத் தாராது. தீயை அணைத்துவிட்டால் எரிந்த கூரை தானே முளைத்துவிடுமா? புண் ஆறிய இடத்தில் வன்மையான தழும்பே எஞ்சும். மூச்சுக் குழல்கள் சில விரிந்து, சளி தேங்கும் இடங்களாகிவிடும். ஆதலின், காசநோய் நீங்கியவருட் பலர் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி வருந்துகின்றனர்.

இத்தீங்கைத் தடுக்கும் முதல் வழி, காலந்தாழ்த்தாது மருத்துவம் தொடங்குதலாம். முற்காலத்தில் இதற்குப் பெருந்தடை ஒன்று இருந்தது. தனி மருத்துவ விடுதியில் தங்கி, ஓய்வும் ஊட்டமிக்க உணவும் பெற்றாலன்றி இந்நோய் தீராது என மக்கள் எண்ணினர். விடுதிகளிலோ இடம் குறைவு. ஏழைகள் காத்திருக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்றிய பெருமை நம் சென்னைக்கு உரியது. 1956-ஆம் ஆண்டில் இங்கு ஓர் ஆய்வு மையம் நிறுவப்பெற்றது. சேத்துப்பட்டிலுள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. அம்மையத்தார் 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை விடுதியிலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டுக் காலம் ஒரே வகை மருந்துகளை அளித்தனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான இல்லங்களில் எளிய உணவு உண்டு வாழ்ந்த ஏழைகள். எனினும், அவர்களும் விடுதியிலிருந்தோரைப் போன்றே நலம் பெற்றனர். அவர்தம் குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் இடரும் மிகவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு, வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறைக்கு உலகெங்கும் வழிகோலிற்று.

ஆகவே, மயிலாப்பூரில் வாழ்பவராயினும் அடையாற்றில் வாழ்பவராயினும், இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் உடனே சளியைச் சோதித்தல் வேண்டும். அரசு மருத்துவ நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. இக்காலத்தில் சாதாரணக் காசநோய்க்குப் பெரும்பாலும் 6 மாத மருத்துவம் போதும். சில வாரங்களில் இருமல் தணிந்ததும் மருந்தை நிறுத்துவோர், மீண்டும் நோயுற்று, எஞ்சிய நுரையீரலையும் இழக்க நேரிடும்.

நோய் தீர்ந்தபின்னும் விழிப்பு வேண்டும். புகைபிடித்தலை அறவே ஒழித்தல், அடுப்புப் புகையை விலக்குதல், நீரிழிவைக் கட்டுப்படுத்துதல், மருத்துவர் கற்பிக்கும் மூச்சுப் பயிற்சியை நாள்தோறும் செய்தல் ஆகியன எஞ்சிய நுரையீரலைக் காக்கும். மூச்சுத்திணறல் தோன்றினால், நோய் திரும்பியதெனத் தாமே முடிவு செய்து அஞ்சுதலும், தழும்பின் விளைவே எனக் கருதி வாளாவிருத்தலும் ஆகா. உண்மையைச் சோதனையே காட்டும்.

மாணவர்களே! உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ எவரேனும் நெடுநாள் இருமி வருந்தினால், அன்புடன் எடுத்துரைத்து மருத்துவ நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். இதில் நாணத்திற்கு இடமில்லை. நீங்கள் காத்துத் தரும் ஒவ்வொரு நாளும் அவர்தம் மூச்சிற்கு வலிமை சேர்க்கும்.